கழுவச் சொன்ன நிழல்

கறையாம். ஹிசா வரைந்த அந்தப் படத்தை என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது துணிக்கடை மன்ஸோ சொன்ன முதல் வார்த்தை அதுதான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. ஹிசாவைப் பற்றிச் சொல்ல வந்தவன், அவள் பிறந்த கதையை விட்டுவிட்டு என் எரிச்சலிலிருந்து தொடங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தொகுஜி. கியோத்தோவில் படச்சுருள் ஒட்டுகிறவன். ஓவியர்கள் பட்டிலோ காகிதத்திலோ வரைந்து கொடுப்பதற்குப் பின்பக்கம் காகிதம் ஒட்டி, சுற்றிலும் ஜரிகைத் துணி வைத்து, அடியில் உருட்டுக்கட்டை கோத்து, சுவரில் தொங்கவிடும்படி செய்து தருவேன். பழைய படங்களில் புகையோ ஈரமோ படிந்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவியும் தருவேன். இந்த ஊர் ஓவியர்களில் பாதிப் பேருடைய யோக்கியதை என் பலகைமேல் மல்லாந்து கிடந்திருக்கிறது. யார் வரைகிறார், யார் பெயரை வைத்துக் காலம் தள்ளுகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் பிழைப்பில் மண் விழும் என்பதால் பசையைக் கிண்டிக்கொண்டு சும்மா இருப்பேன்.

ஹிசா என் பின்தெருக்காரி. அவள் அப்பா விசிறிகளில் படம் வரைந்து பிழைத்தவர். மகள் கையில் தூரிகை நன்றாக நிற்கிறது என்று கண்டு ஹத்தோரி ஆசானிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். சேர்த்த கொஞ்ச நாளில் கண்ணை மூடிவிட்டார்.

ஹத்தோரி வீட்டுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. கண்ணால் பார்த்ததைத்தான் வரைவார்கள் என்று. உண்மைதான். மயில் வரைய வேண்டுமென்றால் கொல்லையில் மயிலையே வளர்ப்பார்கள். இறகு இறகாக, நகம் நகமாக எழுதிப் பழகிய பிறகுதான் பட்டில் தூரிகை வைப்பார்கள். அவர்கள் பரம்பரையின் மூத்தவர், ஹாலந்துக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த கண்ணாடிப் பெட்டிப் படங்களை ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்துத்தான், தூரத்தில் இருப்பதைச் சின்னதாக வரையும் வித்தையைக் கற்றுக்கொண்டாராம். அதை அந்த வீட்டில் பெருமையாகவே சொல்வார்கள். ஆனால் பெண்ணின் முகம் என்று வந்துவிட்டால் மட்டும் கண்ணுக்கு வேலையில்லை. மாதிரிப் படத்தை எடு, முகம் முழுக்கச் சிப்பிப் பொடி வெள்ளையை அப்பு, கண்ணுக்கு இரண்டு கோடு, மூக்குக்கு ஒரு கோடு, எள்ளளவு வாய். முடிந்தது. கன்னிப் பெண்ணுக்கும் அதே முகம், பேரன் எடுத்தவளுக்கும் அதே முகம். மயிலுக்கு ஒரு நியாயம், மனுஷிக்கு ஒரு நியாயம். இதைக் கேட்க ஆளில்லை.

ஹிசா கேட்டாள். வாயால் கேட்கவில்லை. சீடர்கள் தங்கள் படங்களை ஆசான் முன் வைக்கும் நாளில் ஒரு பூக்காரியை வரைந்து வைத்தாள். ஷிரகாவா பக்கமிருந்து தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்க வருகிறவர்களில் ஒருத்தி. நடுப்பகல். கூடையின் நிழல் நெற்றியை மூடி மூக்கு நுனி வரை இறங்கியிருந்தது. அதற்குக் கீழே கன்னத்திலும் மோவாயிலும் வெயில் அடித்தது. நானே ஒட்டிக் கொடுத்த படம் என்பதால் சொல்கிறேன், பார்த்தவுடன் எனக்குத் தாகம் எடுத்தது.

“பொம்பள முகத்துல வெயில் எதுக்கு?” என்று கேட்டாராம் ஹத்தோரி.

“வெயில்லதான் நிக்கறா, ஐயா.”

“முகத்தை வெள்ளையாக்கிக் கொண்டா.”

“வெள்ளையாக்கினா அவ யாருன்னே தெரியாம போயிடும்.”

“யாரா இருந்தா உனக்கென்ன? பூக்காரி. அவ்வளவுதான்.”

அவள் மாற்றவில்லை. எங்கள் ஊரில் ஆசான் தன் பெயரில் ஒரு பாதியைச் சேர்த்துச் சீடர்களுக்கு ஓவியப் பெயர் வைப்பது வழக்கம். கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவளை அனுப்பிவிட்டார். கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வதும் ஒரு பெரிய மனிதர் செய்கிற காரியமா? அதன்பிறகு பெயர் இல்லாத ஓவியருக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

தெராமச்சி தெருவில் ஒரு போட்டோ கடைக்காரர் கொடுத்தார். அங்கே போட்டோக்களுக்கு வண்ணம் பூசுவது அவள் வேலை. உதட்டுக்குச் சிவப்பு, கிமோனோவுக்கு நீலம், பூவுக்கு மஞ்சள். ‘சீமைக்காரன் பெட்டிக்குக் கூலி வேலை’ என்று ஹத்தோரி வீட்டுச் சீடர்கள் சிரித்தார்கள். ஹிசாவுக்கோ அது இன்னொரு பள்ளிக்கூடம். நாள் முழுக்க முகங்கள். ஒவ்வொரு முகத்திலும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல்.

“அண்ணே, மூக்குங்கறது கோடே இல்ல. அதுபாட்டுக்கு ஒரு மேடு. நிழல்தான் அதைக் காட்டுது,” என்று ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து சொன்னாள்.

“இத்தனை நாள் நீ மூக்கைத் தொட்டுப் பாத்ததே இல்லையா?” என்றேன்.

“தொட்டுப் பாத்திருக்கேன். வரையத்தான் விடல,” என்றாள்.

அந்தக் கடைக்குத்தான் இசோ அம்மாள் போட்டோ எடுத்துக்கொள்ள வந்தார். முரொமச்சியில் ஹிஷியா துணிக்கடை இருக்கிறதே, அந்த வீட்டு அம்மாள். புருஷர் கிஹெய் பெயருக்கு முதலாளி. கடையை நடத்தியது இந்த அம்மாள்தான். பழைய காலத்து மனுஷி. கல்யாணமானவர்களின் வழக்கப்படி மழித்த புருவம், கருப்புச் சாயம் ஏற்றிய பல், மூக்கோரம் மிளகு அளவு ஒரு மரு. போட்டோ எடுக்கும்போது தலை ஆடக் கூடாதென்று பின்னால் இரும்புக் கவை கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். கழுவி எடுத்த படத்தைப் பார்த்ததும் அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்னது இது, திருடிட்டு மாட்டிக்கிட்டவளாட்டம் நிக்கறேன்? இதுக்கு நீ கலர் வேற பூசப் போறியா? வேணாம் பொண்ணே. நீ படம் வரைவேன்னு சொல்றாங்களே, நெசமா?”

“முன்ன வரைஞ்சேன், அம்மா.”

“அப்ப என்னை வரை. மருவை மட்டும் விட்டுடாத. என் வீட்டுக்காரருக்கு இப்பவே ஆளு மறக்குது. மருமகளைத் தங்கச்சிங்கறாரு, மகனைக் கணக்குப்பிள்ளைங்கறாரு. என்னை மட்டுந்தான் இன்னும் தெரியுது. நான் முந்திக்கிட்டேன்னு வையி. செத்தவங்க வீட்டுக்கு வந்துபோற ஓபோனுக்குக் கோயில்ல மணியடிச்சு என்னைக் கூப்பிடுவாங்க. நானும் வருவேன். வந்த எடத்துல மனுஷன் யாரோ எவளோன்னு முழிச்சா, நான் என்ன, அப்படியே திரும்பிப் போறதா? படத்தைப் பாத்தா அவருக்கு என்னைத் தெரியணும். அதுக்குத்தான் கேக்கறேன். அழகா இருக்கணும்னு கேக்கல.”

வரையச் சொன்ன காரணம் இவ்வளவு தெளிவாக இருந்தது. பின்னால் இதை எத்தனை பேர் காலில் போட்டு மிதித்தார்கள் என்று பாருங்கள்.

ஹிசா ஹிஷியா கடைக்குப் போய் உட்கார்ந்தாள். இசோ அம்மாள் அவளுக்காக வேலையை நிறுத்தவில்லை. கடையின் மரச்சட்ட ஜன்னலோரம் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, துணியைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்து நூல் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிஹெய் பெரியவர் எதையாவது குறை சொல்லிக்கொண்டே இருப்பாராம். அம்மாள் காதில் வாங்குவதே இல்லையாம். அதைத்தான் ஹிசா வரைந்தாள். ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில் காலை வெளிச்சம். மறு கன்னம் நிழலில். நடுவில் மருவும், அந்த மருவுக்கே ஒரு குட்டி நிழலும். துணியைப் பார்க்கும் கண்ணில், ஏமாந்து போக மாட்டேன் என்கிற பார்வை. எல்லாம் எங்கள் மை, எங்கள் வண்ணம், எங்கள் பட்டு. சீமை எண்ணெய்ச் சாயம் ஒரு துளி இல்லை. பட்டின் பின்பக்கம் மையை மெல்லப் பரப்பி, முன்பக்கம் மண் நிறம் ஏற்றி அந்த நிழலை வாங்கியிருந்தாள். பின்பக்கம் பார்க்கிறவன் நான். எத்தனை தடவை காயவிட்டு எத்தனை தடவை தடவியிருப்பாளோ.

“அடி ஆத்தி, இந்தக் கிழவியை எங்கயோ பாத்திருக்கேன்,” என்றார் இசோ அம்மாள் படத்தைப் பார்த்து. கருப்புப் பல் தெரியச் சிரித்தார். பிறகு தன் கல்யாணத்துக்குக் கட்டிய இடைக்கச்சையை எடுத்து என்னிடம் கொடுத்து, “இதை வெட்டிச் சுத்திலும் வையி, தொகுஜி. பெட்டியில கெடந்து பூச்சி அரிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்,” என்றார். வெட்ட எனக்குக் கை வரவில்லை. அவரே கத்தரியை எடுத்து முதல் வெட்டு வெட்டிக் கொடுத்தார்.

அந்தக் குளிர்காலத்தில் அம்மாள் போய்விட்டார். சொன்னபடியே முந்திக்கொண்டார்.

வெயில் காலம் வந்தது. அவர் செத்த பிறகு வரும் முதல் ஓபோன். அதற்குச் சொந்தக்காரர்கள், வியாபாரிகள் எல்லாரும் வந்து கும்பிடுவார்கள். அப்போதுதான் மகன் மன்ஸோ அந்தச் சுருளோடு என் கடைக்கு வந்தான். கூடவே ஹத்தோரி ஆசானும் விசிறியை ஆட்டிக்கொண்டு வந்தார்.

“ஒரு பக்கம் கறை புடிச்சிருக்கு, தொகுஜி. கழுவிக் குடுங்க.”

விரித்துப் பார்த்தேன். கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. “கறை எங்க இருக்கு?”

மன்ஸோ தன் தாயின் கன்னத்தின்மேல் விரல் வைத்துக் காட்டினான்.

“அது நிழல்ங்க.”

“என்னவா இருந்தா என்ன, கழுவுங்க. நாலு பேரு வந்து பாக்கற எடத்துல எங்கம்மா முகத்துல கரி பூசி வச்சமாதிரி இருக்கு.”

“நிழலைக் கழுவணும்னா கன்னத்தையும் சேத்துத்தான் கழுவணும். மூக்கும் போயிடும். போனா பரவாயில்லையா?”

ஹத்தோரி தொண்டையைச் செருமினார். “தொகுஜி, கோவப்படாதீங்க. நிழல்ங்கறது வரும், போகும். மேகம் வந்தா இல்ல. மனுஷருக்குச் சொந்தமில்லாத ஒண்ணை முகத்துல எழுதி வச்சா அது அழுக்குதான். சீமைக்காரனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நமக்குத் தெரியணும்.”

பேச்சு என்னவோ பட்டுப் போலத்தான் இருந்தது. எனக்கு மேலெல்லாம் அரித்தது. “வரைஞ்சவ ரெண்டு தெரு தள்ளிப் போட்டோ கடைலதான் இருக்கா. அவகிட்டயே சொல்லுங்க,” என்று போய்க் கூட்டிவந்தேன். ஹிசா விரலில் சிவப்பு வண்ணத்தோடு வந்து நின்றாள். ஆசானுக்குக் குனிந்து வணங்கினாள். அவர் அதே வார்த்தைகளை மறுபடி சொன்னார்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “மேகம் வந்தா போகும்தான், ஐயா. ஆனா கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து அந்த ஜன்னலோரந்தான் உக்காந்திருந்தாங்க. அந்த நிழல் அவங்களுக்குச் சொந்தமில்லேன்னா வேற யாருக்குச் சொந்தம்? அவங்க வீட்டுக்காரர் பாத்த முகம் இதுதான். அவருக்குத் தெரியணும்னுதான் வரையச் சொன்னாங்க.”

“அப்பாவா?” என்று மன்ஸோ சிரித்தான். “அப்பாவுக்குத் தன் கையையே தெரியல. அவருக்காகப் படம் மாட்டுவாங்களா? வர்றவங்களுக்காகத்தான்.”

யாருக்காகப் படமாம்? செத்தவள் கேட்டது ஒன்று. இவன் அரிசி வியாபாரிக்கும் சாயக்காரனுக்கும் காட்டப் படம் மாட்டுகிறானாம். ஹிசா வணங்கிவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனாள். எனக்குத்தான் அடங்கவில்லை.

சில நாளில் ஹத்தோரி புதுப் படம் வரைந்து கொடுத்தார். வெள்ளை வெளேரென்ற முகம். மரு இல்லை. கருப்புப் பல்லும் தெரியாதபடி எள்ளளவு வாய். வயசு தெரிய நெற்றியில் மரியாதையாக இரண்டு மெல்லிய கோடு. பட்டில் வைத்த கை சுத்தமான கை, அதை நான் மறுக்கவில்லை. உடம்பில் உடுத்தியிருந்த கிமோனோவின் பூவேலை அத்தனை அற்புதம். கிமோனோவை எதிரில் வைத்துப் பார்த்து வரைந்திருக்கிறார். முகத்தைத்தான் யாரும் பார்க்கவில்லை.

“பழசைப் பிரிச்சு எடுத்துட்டு அதே ஜரிகையில இதை வச்சுடுங்க,” என்றான் மன்ஸோ.

“அது உங்கம்மா கல்யாணக் கச்சை. அவங்க படத்துக்குன்னு அவங்க கையால வெட்டிக் குடுத்தது.”

“இதுவும் அவங்க படந்தானே?”

“பிரிக்க மாட்டேன். வேற ஜரிகையில வச்சுத் தரேன். இல்லேன்னா வேற கடை பாத்துக்கங்க.”

அவன் என்னை முறைத்தான். “சரி, வேற போடுங்க. பழசை என்ன வேணா பண்ணிக்கங்க. வீட்டுப் பக்கம் மட்டும் கொண்டு வராதீங்க.”

ஒட்டினேன். தொழில் ஆச்சே. திட்டிக்கொண்டே ஒட்டினேன். பசைக்குக் காது இருந்திருந்தால் அந்தப் படம் அன்றைக்கே உதிர்ந்திருக்கும்.

ஓபோனுக்கு அந்த வீட்டு வரவேற்பு அறை மாடத்தில் படத்தைத் தொங்கவிட நான்தான் போனேன். போகும்போது கக்கத்தில் இரண்டு பெட்டி இருந்தது. கொண்டு வராதே என்று சொன்னானே, அதனால்தான் எடுத்துப் போனேன். ஹிசாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

கோயிலில் மணியடித்து அம்மாளை அழைத்துவிட்டு எல்லாரும் திரும்பியிருந்தார்கள். ஊதுவத்திப் புகையும் உடம்பு வேர்வையும் கலந்த நெரிசல். ஜன்னல்களில் வெயிலுக்கு நாணல் தட்டி இறக்கியிருந்தார்கள். வெள்ளை முகத்தை மாட்டினேன். வந்தவர்கள் “ஹத்தோரி கை, ஹத்தோரி கை” என்று தலையாட்டினார்கள். ஆசானும் அங்கேயே பெரிய மனிதராக உட்கார்ந்திருந்தார். மருமகள் கிஹெய் பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து படத்துக்கு நேரே உட்கார வைத்தாள்.

பெரியவர் படத்தைப் பார்த்தார். உடையைச் சரிசெய்துகொண்டார். இரண்டு கையையும் பாயில் ஊன்றிக் குனிந்து வணங்கினார்.

“வாங்க, வாங்க. இந்த வெயில்ல வந்திருக்கீங்க. எந்தக் கடைலேருந்து வர்றீங்க?”

பெரியவர் உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். “இசோ, விருந்தாளி வந்திருக்காங்க. பார்லி டீ கொண்டா.”

“அப்பாவுக்கு யாரையும் தெரியாது,” என்று மன்ஸோ எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். “வயசாச்சு,” என்றார் ஹத்தோரி. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கேட்டு வாங்கிய முகத்தை எடுத்துவிட்டு எவளோ ஒருத்தியை மாட்டி வைத்துவிட்டு, அடையாளம் தெரியவில்லை என்று கிழவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மன்ஸோ “தொகுஜி” என்று எழுந்திருப்பதற்குள் இரண்டாவது பெட்டியைத் திறந்து, அந்த வெள்ளை முகத்தின்மேலேயே சுருளை மாட்டி விரித்துவிட்டேன்.

பெரியவர் இந்த முறை வணங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் சுளித்தார்.

“ஏண்டி, இருட்டுல உக்காந்து துணி பாக்காதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது? கண்ணு போயிடும். ஜன்னல் பக்கம் நகரு.”

பெரியவர் முழங்காலாலேயே ஜன்னல் வரை நகர்ந்துபோய், நாணல் தட்டியைத் தூக்கிப் பிடித்தார். வெயில் பாயில் விழுந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

“சொன்னா கேக்க மாட்டா,” என்றார் பக்கத்தில் இருந்த சாயக்காரரிடம். “எப்பவும் இப்படித்தான். கேக்கவே மாட்டா.”

மருமகள் முகத்தை மூடிக்கொண்டாள். ஹத்தோரி விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்த மன்ஸோ மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

ஆனால் திருந்திவிட்டான் என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் அந்த வீட்டு மாடத்தில் தொங்குவது வெள்ளை முகம்தான். வந்தவர்கள் மெச்ச வேண்டுமே. ஹிசாவின் படம் பெரியவரின் பின்கட்டு அறையில் தொங்குகிறது. அவர் தினமும் அதனோடு சண்டை போடுகிறாராம். படம் யார் வரைந்தது என்று அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. சொல்ல அவளுக்கு ஒரு பெயரும் அவர்கள் விட்டு வைக்கவில்லை.

அன்றைக்கு அங்கிருந்து நேராகப் போட்டோ கடைக்குத்தான் போனேன். ஹிசா ஒரு பட்டாளத்துக்காரனின் போட்டோவுக்குப் பொத்தான் பொத்தானாகப் பொன் நிறம் வைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம், எனக்குத் தெரிந்த வசவுகளையும் சேர்த்துச் சொன்னேன். அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

“தட்டியைத் தூக்கினார்னீங்களே அண்ணே, எந்தப் பக்கத்துத் தட்டி?”

“அதா முக்கியம் இப்போ?” என்று எரிந்து விழுந்தேன்.

“எந்தப் பக்கம்?”

“இருட்டா இருந்த கன்னத்துப் பக்கம்.”

தூரிகையைக் கீழே வைத்தாள். விரலில் இருந்த பொன் நிறத்தை ஏப்ரனில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

“அப்போ அது கறை இல்லேன்னு அந்த வீட்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கு,” என்றாள்.